எங்கே போனது அந்த பாஸ்வேர்டு?

"நாலு மணிக்கு மெடிக்கல் டெஸ்ட். அதுக்குள்ள என் காது எனக்கு வேணும்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, பஸ் டிரைவரம்மா எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது மணி ஒன்பதே கால்.

எங்களுடையது காது மெஷின் கடை. முன் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி, மூலையில் சத்தம் புகாத கண்ணாடி அறை. அங்கே நான். பின் அறையில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, காதுக்கு அச்சு வார்க்கும் சாமான்கள். அங்கே என் வீட்டுக்காரர்.

டிரைவரம்மாவுக்கு இரண்டு காதிலும் மெஷின். மெஷின் போட்டுக்கொண்டு நன்றாகக் கேட்டால் போதும், வண்டி ஓட்டலாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டிப்போ டாக்டர் சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். டிப்போவில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பஸ் பாஸுக்கு முத்திரை குத்தச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவருக்கு அது ஜெயில்.

இதில் என் பங்கு என்னவென்றால், அவருடைய மெஷின்களைப் போன வாரம் சர்வீஸுக்கு அனுப்பியதே நான்தான். சர்வீஸுக்குப் போனால் உள்ளே இருக்கும் செட்டிங் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். "கவலைப்படாதீங்கக்கா, ஆறு வருஷமா உங்க காதுக்குன்னு பாத்துப் பாத்து வச்ச செட்டிங் எங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்று வாக்கும் கொடுத்தேன். வாக்குக் கொடுத்த மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. மெஷின்களும் செட்டிங் இல்லாமல் காலியாகத் திரும்பி வந்தன.

நல்லவேளையாக என் கொழுந்தன் வந்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் உயிரோடு பிடுங்கி எடுத்தான். பெரிய பெரிய சர்வர்கள் இருக்கும் கட்டடத்தில் வேலை பார்க்கிறவன். பழைய டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக நகல் எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டான். புதுசில் அவன் ஏற்றியிருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்.

"வைரஸ் கிட்டவே வராது அண்ணி" என்றான்.

"நம்ம புரோகிராமும் கிட்ட வராதே தம்பி, அது விண்டோஸ்ல மட்டும்தானே ஓடும்?"

"அதுக்குத்தான் வர்ச்சுவல் மெஷின். பெரிய வீட்டுல ஒரு போர்ஷனைத் தடுத்து வாடகைக்கு விடற மாதிரி. புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்காரர். பழைய கம்ப்யூட்டர் குடித்தனக்காரர். குடித்தனக்காரருக்கு அது தனி வீடுன்னே நெனப்பு. ஆறு வரி எழுதித் தர்றேன், அப்படியே தட்டுங்க. குடித்தனம் வந்துடும்."

வேலை நேரத்தில் அவனைப் பிடிக்க முடியாது. போனை வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பதினொரு மணிக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை வெளியே வருவான். அப்போது கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

ஆறு வரியையும் தட்டினேன். எழுத்துகள் மழை மாதிரி கொட்டின. நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட நான் முழுசாகப் படித்துவிட்டுத்தான் மாத்திரையைப் போடுவேன். "சோப்புக் கவரை விட்டு வச்சிருக்கியா?" என்பார் என் வீட்டுக்காரர். ஆகவே அந்தப் பெட்டியையும் படித்தேன்.

கம்ப்யூட்டரில் காவல் ஒன்று இருக்கிறதாம். வெளியாள் புரோகிராம் எதையும் ஆழத்துக்குள் விடாதாம். விட வேண்டுமானால் எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். மறுபடி ஆன் ஆகும்போது அதையே கேட்கும், சொல்ல வேண்டும். சரி என்று கடையின் பழைய போன் நம்பரை வைத்தேன். இரண்டு தடவை தட்டச் சொன்னது, தட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் ஆகும்படி ரீஸ்டார்ட் கொடுத்தேன். கொடுத்ததும் வழக்கம்போல எழுந்து பின் அறைக்குப் போனேன்.

எங்கள் கடையில் அது பழக்கம். பழைய கம்ப்யூட்டர் கண் திறக்க எட்டு நிமிடம் ஆகும். காபி கலந்து, இரண்டு பேரும் நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கச் சரியாக இருக்கும். வாடிக்கையாளர் இருந்தால் அவருக்கும் ஒன்று. சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்.

காபியோடு திரும்பினேன். டிரைவரம்மாவுக்கு ஒன்றைக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. லாகின் பாஸ்வேர்டு கேட்டது. புதுசாக வைத்ததைத் தட்டினேன், ஏற்கவில்லை. தினமும் தட்டும் பழையதைத் தட்டினேன், திறந்துவிட்டது. வர்ச்சுவல் மெஷினைத் திறந்தால், பழைய கம்ப்யூட்டரின் பெயர் அழகாகப் பட்டியலில் நின்றது. ஸ்டார்ட் அழுத்தினேன்.

சிவப்புக் குறியோடு ஒரு பெட்டி. உள்ளே போக முடியவில்லை, கெர்னல் டிரைவர் என்கிற உள் புரோகிராம் ஏறவில்லை என்றது.

என் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "டிரைவர் இல்லைன்னா சொல்லுது? இங்கேயே உக்காந்து காபி குடிச்சிட்டிருக்காங்களே!"

"உங்க ஜோக்கை நாலு மணிக்கு மேல வச்சுக்குங்க."

டிரைவரம்மா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டசைவில் பாதி புரிந்துகொள்வார், மீதிக்கு நோட்டு. 'கொஞ்சம் சிக்கல்' என்று எழுதிக் காட்டினேன். "ஓ, டிராபிக் ஜாமா?" என்று கத்தினார்.

பதினொரு மணிக்குக் கொழுந்தன் கூப்பிட்டான். சிவப்புப் பெட்டியில் இருந்ததை ஒப்பித்தேன்.

"ஓ அதுவா! ஹெடர்ஸ்னு ஒரு சாமான் குறையுது. அதைப் போட்டுட்டு, இதைக் கழட்டிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. ரீஸ்டார்ட் முக்கியம் அண்ணி."

"தம்பி, ஒரு சந்தேகம். ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுச்சு. திரும்ப ஆன் ஆகும்போது கேப்பேன்னு சொல்லுச்சு. கேக்கவே இல்லையே?"

"லாகின்ல கேட்டிருக்குமே?"

"அது கேட்டது பழைய பாஸ்வேர்டு. புதுசு எங்க போச்சு?"

"அண்ணி, அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி. எங்க சர்வர் எதுலயும் அது கிடையாது. நீங்க ஹெடர்ஸைப் போடுங்க, எனக்கு டைம் ஆச்சு."

ஹெடர்ஸைப் போட்டேன். மறுபடி இன்ஸ்டால். மறுபடி அதே பெட்டி, அதே பாஸ்வேர்டு, இரண்டு தடவை. ரீஸ்டார்ட். காபி. சிவப்புப் பெட்டி.

மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோதும் எனக்கு அதே யோசனை. "ஏங்க, ஒருத்தர் வந்து 'இந்தச் சாவியைப் பத்திரமா வச்சுக்க, அப்புறம் வந்து கேக்கறேன்'னு சொல்லிட்டுப் போறார். வரவே இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"மறந்துட்டார்னு அர்த்தம்."

"மனுஷன் மறப்பான். மெஷின் எப்படி மறக்கும்?"

"அப்ப வந்திருப்பார், நீ வீட்டுல இருந்திருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு அவர் தட்டோடு எழுந்து போனார். அவருக்கே தெரியாமல் சரியான பதிலைச் சொல்லிவிட்டார். எனக்கும் அப்போது தெரியவில்லை.

ஒன்றரைக்குக் கொழுந்தன் மறுபடி. குரலில் காலை வேகம் இல்லை. "புது வெர்ஷன்ல கோளாறு இருக்கும் அண்ணி. இதுக்கு முந்தின வெர்ஷனைப் போட்டுப் பாருங்க."

"அதுவும் ஏறலைன்னா?"

"சாயந்திரம் நானே வந்து பாக்கறேன்."

"சாயந்திரம் நீ வந்து என்ன செய்ய? நாலு மணிக்கு இவங்களுக்கு டெஸ்ட்."

"மணி ஆச்சு அண்ணி" என்று போனை வைத்துவிட்டான். டிரைவரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் நோட்டை எடுக்கவில்லை. அவர் கைப்பையைத் திறந்து டெஸ்டுக்கு வரச் சொன்ன கடிதத்தை எடுத்து, படித்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தார்.

முந்தின வெர்ஷனைப் போட்டேன். மூன்றாம் தடவையாக பாஸ்வேர்டு வைத்தேன். ரீஸ்டார்ட். காபி. இந்தத் தடவை டிரைவரம்மா டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. "போதும் தங்கச்சி, இதோட மூணாவது. டெஸ்ட்ல கை நடுங்கப் போகுது" என்றார். பிறகு மானிட்டரைக் கையால் காட்டினார். "அது சரி, நீலமா ஒண்ணு வந்து வந்து போகுதே, அதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

டம்ளரை மேஜையில் வைத்தேன். "என்ன நீலம்?" வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டேன்.

"நீ எழுந்து உள்ள போவ. ஸ்கிரீன் கறுப்பாகும். அப்புறம் மொத்தமா நீலம். நடுவுல வெள்ளை எழுத்து, பக்கத்துல நம்பர். சிக்னல்ல குறையுமே, அந்த மாதிரி பத்து, ஒம்பது, எட்டுன்னு குறையும். முடிஞ்சதும் நீலம் போயிடும், மலைப் படம் வரும். அப்புறம் நீ காபியோட வருவ."

"எத்தனை தடவை வந்துச்சு?"

"மூணு தடவையும்."

நோட்டை இழுத்து, 'ஏன்க்கா முன்னாடியே சொல்லலை???' என்று பக்கம் முழுக்க எழுதினேன்.

"என் சீட்டுக்கு மேல பெரிசா எழுதியிருக்கு, ஓட்டுநருடன் பேசாதீர்கள்னு. அதை மதிக்காத பாசஞ்சரைக் கண்டாலே எனக்கு ஆகாது. இங்க ஓட்டுறது நீ. நான் எப்படிப் பேச?"

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. புதுக் கம்ப்யூட்டர் கண் திறக்க அரை நிமிடம்கூட ஆகாது. எட்டு நிமிடக் காபி மட்டும் எங்களை விடவில்லை. பாஸ்வேர்டு கேட்பதாகச் சொன்ன மெஷின் சொன்னபடியே வந்திருக்கிறது. ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துப் பத்து விநாடி நின்றுவிட்டு, மூன்று முறையும் போயிருக்கிறது.

உடனே ரீஸ்டார்ட் கொடுத்தேன். எழுந்திருக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"ஏங்க, அடுப்பை அணைச்சிட்டு இங்க வாங்க!"

கறுப்புத் திரை. நேராக மலைப் படம்.

நீலம் வரவில்லை.

"இந்தத் தடவை வரலையே" என்றார் டிரைவரம்மா, தன் மேல் தப்பு மாதிரி.

மணி இரண்டு ஐந்து. மூன்று தடவை வந்தது நாலாவது தடவை ஏன் வரவில்லை? என்ன வித்தியாசம்? நான் நாற்காலியில் இருந்தேன், அவ்வளவுதான். ஆள் இருக்கிறதா இல்லையா என்று அது பார்த்தா வரும்? இல்லை. வேறு ஏதோ. காலையிலிருந்து செய்ததை நோட்டில் வரிசையாக எழுதினேன். இன்ஸ்டால், பாஸ்வேர்டு, ரீஸ்டார்ட். இன்ஸ்டால், பாஸ்வேர்டு, ரீஸ்டார்ட். மூன்றாவதும் அதேதான். நாலாவது? வெறும் ரீஸ்டார்ட்.

பாஸ்வேர்டு வைத்த பிறகு, முதல் முறை ஆன் ஆகும்போது மட்டும் அது வருகிறது. பதில் கிடைக்கவில்லையா, விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. மறுபடி வரவேண்டுமானால் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும்.

இன்ஸ்டால் செய்ததையெல்லாம் கழற்றி, நாலாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெட்டி வந்தது. பழைய போன் நம்பர், இரண்டு தடவை. ரீஸ்டார்ட் கொடுக்கும் முன் என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மூன்று பேரும் மானிட்டரை முறைத்தோம்.

கறுப்பு.

நீலம்!

"இதான்! இதேதான்!" என்று டிரைவரம்மா போட்ட கூச்சலில், எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படிக்க ஆரம்பித்தேன். வெள்ளை எழுத்து முதல் வரி, இரண்டாம் வரி... எண் ஏழு, ஆறு, ஐந்து...

"படிச்சது போதும்மா!" என் வீட்டுக்காரர் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்பேஸ் பாரை ஓங்கி அடித்தார். கை முழுக்க அச்சு மாவு. கீபோர்டில் வெள்ளையாகக் கட்டைவிரல் பதிந்தது. எண் நாலில் நின்றது.

நீலத்தின் மேல் சின்னப் பட்டியல் ஒன்று விழுந்தது. வெளியாள் புரோகிராமின் சாவியைப் பதிவு செய்யலாமா என்றது, ஆம் என்றேன். நிச்சயமாகவா என்றது, ஆம் என்றேன். பிறகு, காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த வரி வந்தது: பாஸ்வேர்டு.

தட்டுவது எதுவும் திரையில் தெரியவில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. மறுபடி ரீஸ்டார்ட். வர்ச்சுவல் மெஷின். ஸ்டார்ட்.

சிவப்புப் பெட்டி வரவில்லை. ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, அதற்குள் எங்கள் பழைய கம்ப்யூட்டர் செத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, குறுக்கும் நெடுக்குமாகக் கோப்புகள் சிதறிக் கிடக்கும் அதே முகத்தோடு எழுந்து வந்தது. "அடப்பாவி, குடித்தனம் வந்துட்டாருய்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

இன்னும் ஒரு முட்டுக்கட்டை பாக்கி இருந்தது. காது மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டியை, புரோகிராம் 'காணவில்லை' என்றது. இதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. பெட்டியின் வயர் செருகியிருப்பது புதுக் கம்ப்யூட்டர் என்கிற வீட்டுக்காரரின் சுவரில், தேடுகிறவர் குடித்தனக்காரர். ஜன்னலின் மேல் வரியில் இருந்த யுஎஸ்பி பட்டியலைத் திறந்தேன். அந்தப் பெட்டியின் பெயரும் இருந்தது. டிக் போட்டேன். போர்ஷனுக்குள் போய்விட்டது.

டிரைவரம்மாவின் பக்கம் திறந்தது. ஆறு வருடத்துச் செட்டிங், ஒரு கோடு விடாமல். வலது காது, இடது காது, ஏற்றி முடித்தேன். மெஷின்களைப் போட்டுவிட்டேன்.

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு மேலே பார்த்தார். "உங்க ஃபேனுக்கு எண்ணெய் விடணும்" என்றார், சாதாரணக் குரலில்.

ஆனால் நான் அத்தோடு விடவில்லை. கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்தேன். கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கினார். கீச்சென்ற ஒலி ஒன்றுக்கு மட்டும் கை எழவில்லை. செட்டிங் பழையபடிதான் இருந்தது. காதுதான் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு புள்ளி ஏற்றினேன். கை எழுந்தது. இன்னொரு முறை, மெதுவாக. எழுந்தது.

மணி மூன்று பத்து. அவர் கடிதத்தைச் சரிபார்த்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார். "என்ன ஆச்சுன்னு போன் பண்ணுங்கக்கா" என்று வாசல் வரை போய்ச் சொன்னேன். "கத்தாத தங்கச்சி, கேக்குது" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாலு மணி, நாலே கால். நாலரைக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கொழுந்தன்.

"அண்ணி, நான் யோசிச்சேன். மொத்த சிஸ்டத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து..."

"எதையும் அழிக்காத. ஓடுது."

"ஓடுதா! எப்படி?"

சொன்னேன். "காபி குடிக்கப் போனீங்களா? மூணு தடவையுமா?"

"அதை விடு. எனக்கு ஒண்ணு சொல்லு. முக்கியமான விஷயம்னா வந்து நிக்கணும்ல? பத்து விநாடியில ஏன் ஓடிப் போகுது? ஏன் கீபோர்டுல தட்டித்தான் ஆகணும்?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." எதையோ புரட்டும் சத்தம். "பத்து விநாடி ஏன்னு போடலை. தட்டறது ஏன்னு போட்டிருக்கு. வெளியிலேர்ந்து நெட் வழியா உள்ள நுழையற திருடன் எதை வேணா மாத்தலாம். ஆனா கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கிற அந்த நேரத்துல, முன்னாடி உக்காந்து பட்டனைத் தட்ட அவனால முடியாது. நிஜமா ஒரு ஆள் அங்க இருக்காங்களான்னு பாக்கத்தான் அந்த நீலம். நல்லா இருக்கில்ல அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கு. காலையில இதைச் சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். போனை வை, எனக்கு ஒரு கால் வரணும்."

ஐந்து மணிக்கு வந்தது.

"அக்கா! என்ன ஆச்சு?"

"சொல்றேன் இரு." பின்னால் பஸ்கள் உறுமின. "டாக்டர் எனக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டாரு. நான் மெதுவா சொல்லுவேன், காதுல விழறதை அப்படியே திருப்பிச் சொல்லணும்னாரு. நாலுன்னாரு, நாலுன்னேன். பதினேழுன்னாரு, பதினேழுன்னேன். இருபத்தாறு, அறுபத்து மூணு, எல்லாம் சொன்னேன்."

"அப்புறம்?"

"வாசல்ல ரெண்டு கிளார்க் நின்னுட்டிருந்தாங்க. ஒருத்தர் இன்னொருத்தர் காதுல, 'இந்தம்மா கதை முடிஞ்சுது, பாஸ் குத்துற ஜன்னல் சீட்டைத் துடைச்சு வைக்கச் சொல்லு'ன்னாரு. காதுல விழறதை எல்லாம் சொல்லணும்னு சொன்னாரே டாக்டர்? அதையும் சத்தமா சொன்னேன்."

"ஐயோ! டாக்டர் என்ன சொன்னார்?"

"டெஸ்ட் முடிஞ்சுதுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. நாளைக்குக் காலையில அஞ்சே கால் வண்டி என்னுது."